அத்தியாயம் 4: முதல் பந்து

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, கடலை ஒட்டிய நிலத்தில் ஓர் இளைஞர் மன்றம் விளையாட இடம் தேடினால் அது எளிதில் அகப்படாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபோது, கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை அதன் சுவர்கள் தடுத்து நிறுத்தின. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரிபட்டது. மணல்வெளி இருக்க வேண்டிய பல இடங்களில் இன்று பாறாங்கல் தடுப்புகள் கிடக்கின்றன. கரைக்கு மேற்கே இருந்த நிலத்தை ரயில் பாதையும், கன்டெய்னர் கிடங்கும், தொழிற்சாலையும், மின் நிலையமும் எடுத்துக்கொண்டன. மிச்சமுள்ள இடத்தில்தான் வீடும் தெருவும் திடலும். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள முழு அளவுக் கால்பந்து மைதானத்துக்கு நம் ஊர் மனைக் கணக்கில் சுமார் 32 கிரவுண்டு வேண்டும். வாலிபால் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். விதிப்படி சுற்றிலும் விட வேண்டிய 3 மீட்டர் வெற்றிடத்தைச் சேர்த்தால் 24-க்கு 15 மீட்டர். ஒன்றரை கிரவுண்டுக்குச் சற்றே அதிகம். அந்த இடத்தில் 12 பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். இடம் சுருங்கிப்போன வடசென்னைக்கு இவ்வளவு பொருந்தி வரும் குழு விளையாட்டுகள் அதிகமில்லை.

ஆனால் கிடைத்த அந்த ஒன்றரை கிரவுண்டைப் புதிய அணிகள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதில்தான் குறை இருக்கிறது. நெட் கட்டியதும் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் பந்தைத் தூக்கிக் கொடுக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து ஸ்மாஷ் அடிக்கிறார்கள். இருட்டும்வரை அதுவே பயிற்சி. இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: வாலிபாலில் முதலில் கற்க வேண்டியது ஸ்மாஷ் அல்ல, எதிரணி அனுப்பும் பந்தை முதலில் தொட்டு நம் பக்கம் உயர்த்தும் திறன். அதையும் அணியில் ஓரிருவர் கற்றால் போதாது, ஆறு பேரும் கற்க வேண்டும். இதற்கான காரணங்கள் விதிகளிலேயே இருக்கின்றன. அதனால் விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், இந்தக் கோணத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விதிகள் எதைக் கேட்கின்றன

இந்த ஆட்டம் 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் என்ற ஊரில் பிறந்தது. அது காகித ஆலைகளால் வளர்ந்த ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மோர்கன், வேலைக்குப் போய்வரும் நடுத்தர வயதினரும் ஆடக்கூடிய, கூடைப்பந்தைப் போல் மோதிக்கொள்ளத் தேவையில்லாத ஓர் ஆட்டத்தைத் தேடினார். இரு அணிகளுக்கு நடுவில் நெட் வந்ததன் காரணம் இதுதான். இந்தியாவுக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே இது வந்தது. 1920-இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு இத்தகைய ஆட்டங்களைப் பரப்பியதில் பெரிய பங்கு உண்டு. நாம் பேச்சில் வாலிபால் என்கிறோம். செய்தித்தாளில் கைப்பந்து, பாடநூலில் கையுந்துபந்து, இலங்கையில் கரப்பந்து. பெயர் எதுவானாலும் சாரம் ஒன்று: பந்தைப் பிடிக்கக் கூடாது, தரையில் விடக் கூடாது, மூன்று தொடுகைக்குள் எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது. அதாவது திறமைசாலி ஒருவரே பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடிக்க விதி இடம் கொடுப்பதில்லை. மூன்று தொடுகையில் முதலாவது பாஸ், இரண்டாவது ஸ்மாஷுக்காகப் பந்தை உயர்த்தித் தரும் செட், மூன்றாவது ஸ்மாஷ். மூன்றாவது தொடுகை முதலாவதை நம்பியே நிற்கிறது. எதிரணி போடும் 10 சர்வீஸில் ஐந்தை மட்டுமே நீங்கள் ஒழுங்காக உயர்த்தினால், உங்களிடம் எவ்வளவு பெரிய ஸ்மாஷர் இருந்தாலும் அவர் கையில் சேர்வது அந்த ஐந்துதான்.

புள்ளிக் கணக்கும் இதையே சொல்கிறது. முன்பு ஒரு செட் 15 புள்ளி. சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். எடுக்கும் அணி வென்றால் சர்வீஸ் கை மாறும், அவ்வளவுதான். 1990-களின் முடிவில் இது மாறியது. இப்போது யார் சர்வீஸ் போட்டாலும் பந்து செத்ததும் யாராவது ஒரு பக்கம் புள்ளி ஏறும். செட் 25 புள்ளி, இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். ஐந்தாவது செட் வந்தால் 15. புள்ளி எடுத்த அணியே அடுத்த சர்வீஸ் போடும். இதிலிருந்து எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது: ஒரு செட்டில் எதிரணி எத்தனை புள்ளி எடுத்ததோ, ஒன்று கூடக் குறைய அத்தனை சர்வீஸ் அவர்கள் போட்டிருப்பார்கள். 25–22 என்று தோற்ற அணி ஏறக்குறைய 25 சர்வீஸைச் சந்தித்திருக்கிறது. நாம் அடிக்கும் ஸ்மாஷை எதிரணி எடுத்துவிட்டால் ஆட்டம் தொடரும், இன்னொரு வாய்ப்பு வரலாம். முதல் பந்தை நாம் தவறவிட்டால் புள்ளி அந்த நொடியே போய்விடும். பழைய கணக்கில் நம் சர்வீஸ் தவறினால் சர்வீஸ் மட்டும்தான் போகும்; இப்போது புள்ளியும் சேர்ந்து போகிறது. ஆகவே முதல் பந்தும் தவறாத சர்வீஸும்தான் புதிய அணியின் முதலீடு.

முதல் தொடுகை கடினமானது என்பதை விதி எழுதியவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது தொடுகையில் பந்து ஒரே ஆளின் இரு கைகளிலும் மாறி மாறிப் பட்டால் நடுவர் டபுள் டச் கொடுப்பார். முதல் தொடுகைக்கு மட்டும் சலுகை உண்டு: ஒரே முயற்சியில் பந்து முன்கையில் பட்டு, தோளில் உரசிப் போனாலும் அது தவறு இல்லை. பந்தைத் தாங்கி நிறுத்தினால் மட்டும் கேட்ச். அதற்கு எந்தத் தொடுகையிலும் மன்னிப்பு கிடையாது. காலில் பட்டாலும் இப்போது ஆட்டம் தொடரும். எதிரணியின் ஸ்மாஷை நெட்டோரம் கை உயர்த்தித் தடுக்கும் பிளாக்கில் பந்து கையில் பட்டால் அது மூன்று தொடுகைக் கணக்கில் சேராது. அதற்குப் பிறகும் மூன்று தொடுகை உண்டு, பிளாக் செய்தவரே முதல் தொடுகையையும் எடுக்கலாம். 1990-களின் இறுதியில் லிபரோ என்ற ஆட்டக்காரர் விதியில் சேர்க்கப்பட்டார். வேறு நிற பனியன் போட்டு, பின்வரிசையில் மட்டும் ஆடி, பந்தை எடுப்பதையே வேலையாகக் கொண்டவர் அவர். அவர் பிளாக் செய்யக் கூடாது, நெட் உயரத்துக்கு மேலிருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது. பந்து எடுப்பதற்கென்றே ஓர் ஆளை விதியே தந்திருக்கிறது என்றால், அந்த வேலையின் மதிப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ஆறு இடம்

நெட்டைப் பார்த்து நின்றால் முன்வரிசையில் இடமிருந்து வலமாக 4, 3, 2. பின்வரிசையில் 5, 6, 1. வலது பின்மூலையான 1-ஆம் இடத்துக்கு வருபவர் சர்வீஸ் போடுவார். எதிரணியின் சர்வீஸில் நாம் புள்ளி எடுத்தால், கடிகார முள் சுற்றும் திசையில் எல்லோரும் ஓரிடம் நகர வேண்டும்: 2-இல் இருந்தவர் 1-க்கு, 3-இல் இருந்தவர் 2-க்கு. நம் சர்வீஸிலேயே புள்ளி எடுத்தால் நகர்வு இல்லை, அதே ஆள் மறுபடி போடுவார். புதிய அணிகள் இந்த இடத்தில்தான் அடிக்கடி குழம்பிப் புள்ளியை இழக்கின்றன. நெட்டிலிருந்து 3 மீட்டரில் ஒரு கோடு உண்டு. பின்வரிசை ஆள் நெட் உயரத்துக்கு மேலிருக்கும் பந்தை அடிக்க வேண்டுமானால் அந்தக் கோட்டுக்குப் பின்னாலிருந்து எகிற வேண்டும். நடுவர் விசில் கொடுத்த 8 விநாடிக்குள் சர்வீஸ் போட்டாக வேண்டும். சர்வீஸ் பந்து நெட்டில் பட்டு எதிர்ப்பக்கம் போனால் ஆட்டம் தொடரும். பழைய பழக்கத்தில் அதை மறுபடி போடச் சொல்வது இப்போதைய விதியில் இல்லை.

இந்தச் சுழற்சி முறை ஷிப்டு வேலை நடக்கும் பகுதிக்குத் தனிப் பாடம் சொல்கிறது. காலை ஷிப்டு முடித்து வருபவர் இந்த வாரம் மாலையில் இருப்பார், அடுத்த வாரம் பிற்பகல் ஷிப்டுக்குப் போய்விடுவார். துறைமுகத்திலும் மீன்பிடித் துறையிலும் வேலை செய்பவர்களுக்கு நேரம் அவர்கள் கையில் இல்லை. அணியில் பந்து நன்றாக எடுப்பவர் ஒருவர்தான் என்றால், அவர் நைட் ஷிப்டுக்குப் போகும் வாரத்தில் அணியே படுத்துவிடும். ஆறு பேரும் முதல் பந்து எடுக்கத் தெரிந்தவர்களாக இருந்தால் யார் வந்தாலும் அணி நிற்கும். தவிர, சுழற்சியில் உயரமான ஸ்மாஷரும் மூன்று முறை பின்வரிசைக்கு வந்துதான் ஆக வேண்டும். எதிரணியில் விவரமான சர்வர் ஒருவர் இருந்தால் அவர் குறிவைப்பது அந்த ஆளைத்தான்.

கையும் காலும்

சர்வீஸையும் ஸ்மாஷையும் எடுக்க உதவுவது அண்டர்ஹேண்ட் பாஸ். பெயர் கையைச் சொன்னாலும் வேலையைச் செய்வது கால்தான். பாதங்கள் தோள் அகலத்துக்குச் சற்று கூடுதலாக, ஒரு பாதம் அரையடி முன்னால், முழங்கால் மடங்கி, உடல் எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்க வேண்டும். ஒரு கையின் விரல்கள் மேல் மற்றொரு கையின் விரல்களை வைத்து, இரு கட்டைவிரல்களையும் ஒட்டி நேராக வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்காதீர்கள். பந்து படவேண்டியது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையின் தட்டையான பகுதியில். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பந்து வந்ததும் கையை வீசுவது. வேகமாக வரும் சர்வீஸில் வேகம் ஏற்கெனவே இருக்கிறது; கையையும் வீசினால் பந்து பின்னால் தெருவுக்குப் போகும். கையைப் பலகைபோல் வைத்து, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பலகையைச் சாய்த்தால் போதும். மெதுவாக வரும் பந்துக்கு மட்டும் முழங்காலை நிமிர்த்தி உந்துங்கள். பந்து விழும் இடத்துக்குக் கால் முதலில் போக வேண்டும், பிறகுதான் கைகள் சேர வேண்டும். கைகளைக் கோத்துக்கொண்டு ஓடுபவரால் வேகமாக ஓட முடியாது.

பாஸ் போக வேண்டிய இலக்கு, நெட்டுக்கு அருகில் 2-க்கும் 3-க்கும் நடுவில். அங்கேதான் செட்டர் நிற்பார். பழைய ஆட்டக்காரர்கள் அவரை பூஸ்டர் என்றோ லிஃப்டர் என்றோ சொல்வார்கள். எவ்வளவு உயரம் என்பதற்கு நெட்டிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. நெட்டின் இரு ஓரத்திலும் நிற்கும் ஆன்டெனா, நெட்டுக்கு மேல் 80 சென்டிமீட்டர் நீளும். பாஸ் அதன் நுனியைக் கொஞ்சம் தாண்டினால் போதும், செட்டருக்கு நேரம் கிடைத்துவிடும். செட்டர் இரு கை விரல்களால் நெற்றிக்கு மேல் பந்தை வாங்கி ஸ்மாஷருக்கு உயர்த்துவது ஃபிங்கர் பாஸ். அதைத் தனி அத்தியாயத்தில் பார்ப்போம். அடுத்து ஸ்மாஷரின் கால்: எகிறியவர் இரு காலிலும் முழங்கால் மடக்கி இறங்க வேண்டும். சிமென்ட் தரையில் ஒற்றைக் காலில் இறங்கிப் பழகினால் முழங்காலும் கணுக்காலும் விரைவில் கெடும். பாதம் நடுக்கோட்டை முழுவதுமாகத் தாண்டி எதிர்ப்பக்கம் போனால் தவறு, ஒரு பகுதி கோட்டின் மேல் இருந்தால் தவறில்லை. பந்தை ஆடும் முயற்சியில் ஆன்டெனாக்களுக்கு இடையே நெட்டைத் தொட்டால் நெட் டச்.

கடற்காற்று

உள்ளரங்கத்துக்கு எழுதப்பட்ட விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை இந்தக் கரையில் ஆடுபவர்கள் கற்றாக வேண்டும். பந்தின் எடை 260 முதல் 280 கிராம் மட்டுமே. கோடையில் பிற்பகலில் கிழக்கிலிருந்து ஏறும் கடற்காற்று அதை எளிதில் தள்ளும். காலை, மாலை வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்க, இடம் அனுமதித்தால் களத்தின் நீளத்தை வடக்கு தெற்காக அமையுங்கள். அப்போது கடற்காற்று களத்தின் குறுக்கே வீசும். தெற்குப் பக்கம் நின்று வடக்கைப் பார்க்கும் அணிக்குக் காற்று வலமிருந்து இடமாக வரும். செட்டர் வலப்பக்கத்திலிருந்து 4-ஆம் இடத்துக்குத் தூக்கும் பந்து காற்றோடு போய் ஆன்டெனாவைத் தாண்டிவிடும். ஆகவே பந்தைத் தாழ்வாகவும் குறைவாகவும் தூக்க வேண்டும். வடக்குப் பக்கம் நிற்கும் அணிக்கு நேர்மாறு: அதே பந்து காற்றை எதிர்த்துப் போகும், நடுவிலேயே விழும், கூடுதலாகத் தள்ள வேண்டும். முதல் பந்துக்கும் இதே கணக்கு. தெற்கில் நிற்பவர்கள் 2-ஐக் குறிவைத்தால் பந்து சரியான இடத்துக்கு ஒதுங்கி வரும்; வடக்கில் நிற்பவர்கள் 3-ஐக் குறிவைக்க வேண்டும். பந்தை எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவு நேரம் காற்றிடம் ஒப்படைக்கிறீர்கள். செட்டுக்குச் செட் பக்கம் மாறுவதாலும், கடைசிச் செட்டில் ஓர் அணி 8 புள்ளி எடுத்ததும் பக்கம் மாறுவதாலும், காற்று இரு அணிக்கும் பொது. பயிற்சியிலும் பாதி நேரத்தில் பக்கம் மாறுங்கள்.

கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும். கம்பங்களுக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடியுங்கள்; நெட்டின் மேல்கயிறு இரும்புக் கம்பியாக இருந்தால் துருப்பிடித்து அறுந்து முகத்தில் அடிக்கக்கூடும், நைலான் கயிறே பாதுகாப்பு. நெட்டின் உயரத்தைக் களத்தின் நடுவில் அளக்க வேண்டும்: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ரசாயன நெடி காற்றில் தெரியும் மாலைகளில் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் பயிற்சியைவிட நுரையீரல் பெரிது.

எதிர்வாதங்கள்

முதல் பந்துக்கு இவ்வளவு நேரம் கொடுத்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள், ஸ்மாஷ் அடிக்கத்தான் அவர்கள் வருகிறார்கள் என்று பயிற்சி கொடுப்பவர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஒரு விளையாட்டின் மகிழ்ச்சியை மறைத்துவைத்து அதைக் கற்பிக்க முடியாது. அதற்காக ஸ்மாஷை நீக்க வேண்டியதில்லை, இணைத்தால் போதும். யாரும் கையில் பந்தை வைத்துத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து சர்வீஸ் வரட்டும், ஒருவர் எடுக்கட்டும், செட்டர் உயர்த்தட்டும், அதன் பிறகு அடிக்கட்டும். பாஸ் நன்றாக வந்தால்தான் ஸ்மாஷ் உண்டு என்று ஆகும்போது, பாஸின் அருமை சொல்லாமலே பிள்ளைகளுக்குத் தெரியும்.

லிபரோ இருக்கும்போது எல்லோரும் ஏன் கற்க வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. நம் பக்கக் களம் 9-க்கு 9, அதாவது 81 சதுர மீட்டர். எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் ஒருவர் அதை முழுதும் காக்க முடியாது. எதிரணியும் அவர் இல்லாத இடத்தைத்தான் தேடும். லிபரோ முன்வரிசைக்கு வரவே முடியாது என்பதால், நெட்டுக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டிவிடும் பிளேசிங் பந்து பெரும்பாலும் முன்வரிசைக்காரர் கையில்தான் விழும். லிபரோவுக்கும் துணை வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம் உயரம் பற்றியது. 2.43 மீட்டர் நெட்டில் உயரமானவருக்கே ஸ்மாஷும் பிளாக்கும் எளிது, குள்ளமான பிள்ளைகளுக்கு இது ஏற்ற ஆட்டமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நெட்டுக்கு மேலே உயரம் உதவும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சர்வீஸுக்கும் முதல் பந்துக்கும் செட்டிங்குக்கும் தேவைப்படுவது விரைந்த காலும் நிதானமும்தான். சிறுவர்களுக்கு நெட்டைத் தாழ்த்திக் கட்டுங்கள். முதல் பந்து எடுக்கத் தெரிந்த பிள்ளை பின்னாளில் உயரமாக வளர்ந்தால் அது கூடுதல் வரவு. ஸ்மாஷ் மட்டும் கற்ற பிள்ளை வளராமல் போனால் அவனுக்கு அணியில் இடமே இருக்காது.

தெருவில் நமக்கென்று ஒரு முறை இருக்கிறது, விதிப்புத்தகம் எதற்கு என்பதும் கேட்கிறது. பொழுதுபோக்குக்கு எந்த முறையும் சரி. ஆனால் இந்த ஆட்டம் வேலைக்கும் வழி காட்டுகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற நிறுவனங்கள் வாலிபால் அணிகளை வைத்திருக்கின்றன. கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. தேர்வுக்குப் போகும் பிள்ளை, தெருவில் யாரும் கண்டுகொள்ளாத கேட்ச்சுக்கு அங்கே விசில் வாங்கினால், அவன் பல ஆண்டு உழைப்பு அந்த ஒரு நாளில் வீணாகும். தொலைக்காட்சியில் பார்ப்பதையும் அப்படியே விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022-இல் தொடங்கிய ப்ரைம் வாலிபால் லீக்கில் செட் 15 புள்ளிக்கு நடக்கிறது, சூப்பர் பாயின்ட் என்ற தனி முறையும் உண்டு. அது அந்தப் போட்டிக்கு மட்டும் வகுத்த ஏற்பாடு. உங்கள் மாவட்டப் போட்டியில் 25 புள்ளிதான்.

ஒரு மாதத் திட்டம்

ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் முதல் 15 நிமிடம் உடலைச் சூடாக்குங்கள். அடுத்த அரைமணி நேரம் முதல் பந்து: இருவர் சர்வீஸ் போட, மூவர் எடுக்க, மற்றவர்கள் பந்து பொறுக்கித் தர, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். பிறகு அரைமணி நேரம் பாஸ், செட், ஸ்மாஷ் மூன்றும் சேர்ந்த பயிற்சி. கடைசி 15 நிமிடம் ஆட்டம். களம் கிடைக்காத நாளில் வீட்டுப் பக்கச் சுவர் போதும்: மூன்று மீட்டர் தள்ளி நின்று, பந்து தரையில் விழாமல் 50 முறை முன்கையால் எடுத்துப் பழகுங்கள். பெண்கள் அணிக்கும் இதே திட்டம்தான். களம் ஒன்றே என்றால் நேரத்தைச் சமமாகப் பிரித்து, இருட்டுவதற்கு முந்தைய நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

முன்னேற்றத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். செட்டர் நிற்கும் இடத்தில் சுண்ணாம்பால் இரண்டு மீட்டர் அகல வட்டம் போட்டு, ஆளுக்குப் பத்து சர்வீஸ் கொடுங்கள். வட்டத்துக்குள் போன பாஸுக்கு 3, செட்டர் நகர்ந்து எடுக்க முடிந்ததற்கு 2, எப்படியோ உயர்ந்ததற்கு 1, தவறியதற்கு 0. மொத்தம் 30. மாதக் கடைசியில் அணியின் அதிகபட்ச எண்ணைப் பார்க்காதீர்கள், மிகக் குறைந்த எண்ணைப் பாருங்கள். எதிரணியின் சர்வீஸ் அந்த ஆளைத் தேடித்தான் வரும். அடுத்த மாதப் பயிற்சியை அந்தப் பெயரிலிருந்து தொடங்குங்கள். அவருக்குப் பக்கத்தில் நன்றாக எடுப்பவரை நிறுத்துங்கள். அந்தக் கடைசி எண் மேலேறினால், எந்த ஷிப்டில் யார் போனாலும் உங்கள் அணி களத்தில் நிற்கும்.